தளம் போடும் நாளும் ஒரு புராஜெக்ட்தான்: இடர், தகவல், ஆட்கள்

ஐப்பசி மாதம், விடியற்காலை ஐந்தரை மணி. எங்கள் புதுவீட்டில் அன்றைக்குத் தளம் போடும் நாள். காங்கிரீட் இறுகும்வரை தாங்கி நிற்கும் சென்ட்ரிங் ஷீட்டுக்கு மேல் கம்பி கட்டி முடித்தாயிற்று. கீழே 85 மூட்டை சிமென்ட், ஜல்லி, எம்-சாண்ட் எல்லாம் குவிந்து கிடக்கின்றன. ஆறரைக்கு மிக்ஸர் மிஷின் வர வேண்டும், ஏழு மணிக்கு ஆட்கள். கிழக்கே மேகம் கறுத்துக்கொண்டு வருகிறது.

“என்னண்ணே, போடலாமா?” என்று மேஸ்திரியிடம் கேட்டேன். அவர் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, “தார்ப்பாய் எத்தனை சார் இருக்கு?” என்று திருப்பிக் கேட்டார். நாலு இருக்கிறது என்றேன். “அப்போ ஏணிப்பக்கம் ரெண்டு, ரோட்டுப்பக்கம் ரெண்டு. முருகனும் அவன் செட்டும் அதுக்குன்னே நிக்கட்டும். நான் விசில் அடிச்சா சட்டியைக் கீழ போட்டுட்டு அதைப் பிடிக்கணும்.”

மென்பொருள் நிறுவனங்களில் புராஜெக்ட்களை ஒருங்கிணைக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். இடர் மேலாண்மைத் திட்டம், தகவல் தொடர்புத் திட்டம், ஆள்வளத் திட்டம் என்று மூன்று ஆவணங்களைத் தயார் செய்து மூன்று ஃபோல்டரில் போட்டு வைப்பதுதான் எங்கள் வழக்கம். மேஸ்திரி அந்த மூன்றையும் நாலு வரியில் சொல்லி முடித்துவிட்டார். மழை வரலாம் என்பது இடர். விசில் என்பது தகவல். முருகனும் அவர் செட்டும் என்பது ஆட்கள். புதிதாக இந்தத் துறையைப் படிக்க வருகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான்: பாடத்தில் மூன்றும் தனித்தனி அத்தியாயமாக இருக்கும், அப்படியே படியுங்கள். ஆனால் திட்டம் போடும்போது ஒவ்வோர் இடருக்கும் எதிரே ஒரு ஆளின் பெயரும், அந்த ஆளுக்குச் செய்தி போய்ச் சேரும் வழியும் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த இரண்டும் இல்லாத இடர்ப் பட்டியல் வெறும் கவலைப் பட்டியல்.

புராஜெக்ட் என்ற சொல்லையும் இங்கேயே தெளிவாக்கிவிடலாம். தொடக்கமும் முடிவும் உள்ள, ஒருமுறை செய்கிற வேலை அது. தினமும் இட்லிக் கடை நடத்துவது புராஜெக்ட் இல்லை. அந்தக் கடைக்கு அடுத்த தெருவில் ஒரு கிளை திறப்பது புராஜெக்ட். தினசரி வேலையில் நேற்றைய அனுபவம் இன்றைக்கு உதவும். ஒருமுறை செய்யும் வேலையில் அந்த வசதி குறைவு. அதனால்தான் முன்கூட்டியே உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது.

இடரை எழுதுவது எப்படி

இடர் என்பதைப் பேச்சில் ரிஸ்க் என்றே சொல்கிறோம். நடக்கலாம், நடக்காமலும் போகலாம், நடந்தால் நம் வேலையைப் பாதிக்கும் என்கிற எதுவும் இடர்தான். ஏற்கெனவே நடந்துவிட்டால் அதன் பெயர் பிரச்சினை. ஆரம்பத்தில் எல்லோரும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். “ஜல்லி லோடு வரவில்லை” என்பது பிரச்சினை, இப்போதே ஓட வேண்டும். “ஜல்லி லோடு வராமல் போகலாம்” என்பது இடர், அதைப் பற்றி யோசிக்க நேரம் இருக்கிறது. இடர்த் திட்டமிடலின் பயன் முழுவதும் அந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொள்வதில்தான் இருக்கிறது.

பட்டியல் போடச் சொன்னால் பலரும் “மழை”, “ஆள் பற்றாக்குறை”, “பட்ஜெட்” என்று ஒற்றைச் சொல்லாக எழுதுவார்கள். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஏன் நடக்கலாம், என்ன நடக்கலாம், நடந்தால் என்ன ஆகும் என்று மூன்றையும் சேர்த்து எழுத வேண்டும். எங்கள் வீட்டுத் தளத்துக்கு அது இப்படி இருக்கும்: “வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால், பாதித் தளம் போட்டிருக்கும்போது கனமழை பிடிக்கலாம், பிடித்தால் மேலே உள்ள சிமென்ட் பால் கழுவிப் போகும், நிறுத்திய இடத்தில் ஜாயின்ட் விழும்.”

ஜாயின்ட் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: காங்கிரீட்டைப் பாதியில் நிறுத்தி, போட்டது இறுக ஆரம்பித்த பிறகு அதன் பக்கத்தில் புதிதாகக் கொட்டினால் இரண்டும் ஒரே உடம்பாக ஒட்டாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு உள்ளே நின்றுவிடும். பிறகு வரும் மழைக்காலங்களில் அந்தக் கோடு வழியாகத்தான் தண்ணீர் கசியும். அதனால் தளத்தை ஒரே மூச்சில் போட்டு முடிப்பது வசதிக்காக மட்டும் இல்லை.

இப்படி எழுதிப் பார்த்தால் கை வைக்கக்கூடிய இடங்கள் தெரிய ஆரம்பிக்கும். காரணத்தில் கை வைக்கலாம்: தை மாதத்துக்குத் தள்ளிப் போடலாம். நடப்பதில், அதாவது மழையில், கை வைக்க முடியாது. விளைவில் கை வைக்கலாம்: தார்ப்பாய் வாங்கி வைக்கலாம்; நிறுத்தியே தீர வேண்டும் என்றால் எந்த இடத்தில் நிறுத்தினால் பாதிப்பு குறைவு என்று இன்ஜினியரிடம் முன்னாலேயே கேட்டு வைக்கலாம்.

நான்கு பேர் உட்கார்ந்து யோசித்தால் அரை மணி நேரத்தில் இருபது இடர் வந்துவிடும். இருபதையும் ஒரே அக்கறையுடன் கவனிக்க யாராலும் முடியாது. அதனால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண் போடுவது வழக்கம்: நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு பாதிப்பு, இரண்டும் 1 முதல் 5 வரை. பெருக்கினால் வரிசை கிடைக்கும். மிக்ஸர் மிஷின் நடுவில் நின்றுபோவது வாய்ப்பு 3, பாதிப்பு 5, ஆக 15. மதியச் சாப்பாடு தாமதமாவது வாய்ப்பு 3, பாதிப்பு 2, ஆக 6. மிக்ஸரை முதலில் பார்.

இந்தப் பெருக்கலை ஓரளவுக்குத்தான் நம்ப வேண்டும். அன்றைக்கு எங்கள் பட்டியலில் இன்னொரு வரியும் இருந்தது: சென்ட்ரிங்கைத் தாங்கும் முட்டு சரிந்துவிடலாம். வாய்ப்பு 1, பாதிப்பு 5, பெருக்கினால் 5. சாப்பாட்டுக்கும் கீழே போய்விடும்! ஆனால் மேலே இருபது பேர் நிற்பார்கள், ஈரக் காங்கிரீட்டின் பாரம் முழுவதும் அந்த முட்டுகளின்மேல்தான் இறங்கும். உயிர் சம்பந்தப்பட்ட எதையும் பெருக்கிப் பார்க்காமல் பட்டியலின் தலையில் எழுதிவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். முதல் நாள் சாயங்காலம் மேஸ்திரி ஒவ்வொரு முட்டாகக் காலால் தட்டி, அடிப்பலகை மண்ணில் இறங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்ததை நான் கூடவே நின்று பார்த்தேன். இரண்டு முட்டுக்கு ஆப்பு வைத்து இறுக்கினார்.

வரிசை கிடைத்த பிறகு ஒவ்வொன்றுக்கும் என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டும். வழி நான்குதான். தவிர்க்கலாம், அதாவது அந்த நிலைமையே வராமல் வேலையை மாற்றிக்கொள்வது. குறைக்கலாம், வாய்ப்பையோ பாதிப்பையோ. வேறொருவரிடம் மாற்றலாம், இன்சூரன்ஸ் அதற்கு நல்ல உதாரணம். தயார் காங்கிரீட்டை லாரியில் வரவழைத்து, கலவையின் தரத்துக்கு அந்த நிறுவனத்தைப் பொறுப்பாக்குவதும் அப்படித்தான். கடைசியாக, தெரிந்தே ஏற்றுக்கொள்ளலாம், அதற்கென்று கொஞ்சம் பணமும் நாளும் ஒதுக்கி வைத்துவிட்டு. மாற்றுவதில் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. பண நஷ்டத்தை இன்னொருவர் தலையில் வைக்க முடியும். கிரகப்பிரவேசத் தேதி தள்ளிப் போனால் அது நம்முடைய தலையில்தான்.

இதையெல்லாம் செய்கிறவர்கள்கூட அறிகுறியை எழுத மறந்துவிடுகிறார்கள். இடர் நிஜமாகிறது என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? “மிக்ஸர் வரவில்லை என்றால் வேறு மிக்ஸர்” என்று எழுதினால் போதாது. எத்தனை மணிக்கு வரவில்லை என்றால்? அது எழுதப்படாவிட்டால் எட்டு மணிக்கும் “இதோ வந்துவிடும்” என்று காத்துக்கொண்டிருப்போம், ஆட்கள் கூலிக்கு உட்கார்ந்திருப்பார்கள். “ஆறே முக்காலுக்குள் மிக்ஸர் தெருமுனைக்கு வரவில்லை என்றால் இரண்டாவது நம்பருக்குப் போன், போன் செய்வது என் மச்சான்” என்று நோட்டில் எழுதியிருந்தோம். மணி, செயல், ஆள் மூன்றும் அந்த ஒரு வரியில் இருக்கின்றன.

பெரிய அளவில் இதே சிந்தனையைப் பார்க்க வேண்டும் என்றால் சந்திரயான்-3 இருக்கிறது. 2019 செப்டம்பரில் சந்திரயான்-2-இன் விக்ரம் லேண்டர் நிலவில் இறங்கும்போது வேகம் கட்டுக்குள் வராமல் மோதியது. அடுத்த முறை இஸ்ரோ எடுத்த அணுகுமுறையை அப்போதைய தலைவர் சோமநாத் பலமுறை விளக்கினார். முன்பு எல்லாம் சரியாக நடக்கும் என்ற எண்ணத்தை வைத்து வடிவமைத்தார்கள். இம்முறை எது எது பழுதாகலாம் என்று முதலில் எழுதி, அது பழுதானாலும் இறங்க வேண்டும் என்று வடிவமைத்தார்கள். இறங்கும் இடம் 500 மீட்டர்க்கு 500 மீட்டர் என்ற சிறு சதுரமாக இருந்தது. அதை 4 கிலோமீட்டர்க்கு 2.5 கிலோமீட்டர் என்று பெரிதாக்கினார்கள். கால்களை வலுவாக்கினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள், வேகத்தை அளக்க லேசர் கருவி ஒன்றைச் சேர்த்தார்கள், சூரியத் தகடுகளை அதிகமாக்கினார்கள். 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04-க்கு அது இறங்கியது. விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல்தான் அதன் திட்ட இயக்குநர் என்பது நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கும் தெரியும். மேலே சொன்ன மாற்றங்களின் பட்டியலை அவர்கள் மறுபடி ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னாலும் “இது பழுதானால்?” என்று யாரோ எழுதிய ஒரு வரி இருக்கிறது.

சொன்னது போய்ச் சேர்ந்ததா

அன்றைய தளத்தில் மழை எங்களை ஒன்றும் செய்யவில்லை. வேறொன்று செய்தது. அதைச் சொல்கிறேன்.

தளம் போடுவதற்கு முன் மின்விசிறி மாட்டும் இடங்களில் ஃபேன் பாக்ஸ் வைத்து, அதற்கு வயர் போகும் பைப்பைக் கம்பிக்கு நடுவில் ஓட்டிவிட வேண்டும். காங்கிரீட் விழுந்த பிறகு மாற்ற முடியாது. அதற்குப் பத்து நாள் முன்னால் படுக்கையறையில் அலமாரி வைக்கும் சுவரை மாற்றியிருந்தோம். அலமாரி இந்தப் பக்கம் வந்ததால் கட்டில் அந்தப் பக்கம் போனது. ஃபேனும் நகர வேண்டும். இன்ஜினியரிடம் சொன்னேன், அவர் “சரி சார், பார்த்துக்கலாம்” என்றார். வாட்ஸ்அப் குழுவிலும் புது வரைபடத்தைப் போட்டேன். மூன்று பேர் கட்டைவிரல் காட்டினார்கள்.

எலக்ட்ரீஷியன் அந்தக் குழுவில் இல்லை. அவர் கையில் இருந்தது பழைய வரைபடத்தின் ஜெராக்ஸ். அதைப் பார்த்து மிகச் சரியாக வேலை செய்துவிட்டுப் போயிருந்தார். தளம் போட்டு முட்டு பிரித்த பிறகுதான் ஃபேன் பாக்ஸ் அலமாரிக்கு நேர் மேலே இருப்பது தெரிந்தது. அவர்மேல் ஒரு தவறும் இல்லை. சொல்ல வேண்டியதை நான் சொன்னேன்; கேட்க வேண்டியவருக்கு அது போய்ச் சேரவில்லை.

தகவல் தொடர்புத் திட்டம் என்றதும் பலர் வாரக் கூட்டம், மாத அறிக்கை என்று ஒரு அட்டவணை போடுகிறார்கள். அதுவும் வேண்டும்தான். ஆனால் யோசனை அங்கிருந்து தொடங்கக் கூடாது. எந்த முடிவை யார் எடுக்கப் போகிறார், அதற்கு அவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், எப்போதைக்குள் தெரிந்திருக்க வேண்டும் என்று அந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும். அப்புறம்தான் வழி: நேரில், போனில், குழுவில், கையெழுத்து வாங்கிய வரைபடத்தில். ஃபேன் பாக்ஸ் எங்கே என்று முடிவெடுக்கிற கை எலக்ட்ரீஷியனுடையது. அவரிடமிருந்து தொடங்கியிருந்தால் குழுவில் அவர் இல்லை என்பது எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும்.

இன்னொன்று, உறுதி செய்துகொள்வது. விமானியிடம் கட்டுப்பாட்டு அறை ஒரு உயரத்தைச் சொன்னால் அவர் அந்த எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும். “சரி” என்று மட்டும் சொன்னால் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். முக்கியமான மாற்றம் எதையும் இப்படித்தான் கையாள வேண்டும். “புரிஞ்சுதா?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். “எங்கே வைக்கப் போறீங்க, காட்டுங்கண்ணே” என்று கேட்டால் சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள். அப்போதே தெரிந்துவிடும்.

நான் சொன்னது ஒரு ஃபேன் பாக்ஸ். இதே பிழை ஒரு விண்கலத்தையே கொண்டுபோயிருக்கிறது. 1998 டிசம்பர் 11 அன்று நாசா ஏவிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர், 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயின் பின்புறம் போனது, திரும்ப வரவில்லை. சுமார் 226 கிலோமீட்டர் உயரத்தில் கடந்திருக்க வேண்டியது, 57 கிலோமீட்டர் உயரத்தில் போயிருக்கிறது என்று பிறகு கணக்கிட்டார்கள். 80 கிலோமீட்டருக்குக் கீழே அந்தக் கலம் தாங்காது. விண்கலத்தைக் கட்டிய லாக்ஹீட் மார்ட்டின் தரப்பில் தரையில் ஓடிய ஒரு மென்பொருள், சிறு உந்துபொறிகள் கொடுத்த தள்ளலைப் பவுண்டு-விநாடி கணக்கில் எழுதியது. அதை வாங்கிப் பாதையைக் கணக்கிட்ட ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தின் குழு, ஒப்பந்தப்படி அது நியூட்டன்-விநாடி என்றே எடுத்துக்கொண்டது. வித்தியாசம் 4.45 மடங்கு.

இந்தக் கதை பொதுவாக “அலகைக் குழப்பிவிட்டார்கள்” என்பதோடு முடிந்துவிடும். விசாரணைக் குழுவின் அறிக்கை அங்கே நிற்கவில்லை, அதனால்தான் ஆரம்பத்தில் கற்கிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன். பாதையைக் கணக்கிட்டவர்களுக்கு எண்கள் ஒத்துவரவில்லை என்ற சந்தேகம் வழியிலேயே வந்திருக்கிறது. அந்தச் சந்தேகம் முறையான பழுதுப் பதிவில் ஏறாமல் மின்னஞ்சலிலும் பேச்சிலும் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டிய ஆள் என்று யாரும் இல்லை. அந்தக் குழுவே ஒரே சமயத்தில் மூன்று செவ்வாய்த் திட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது, ஆட்கள் போதவில்லை. இந்தக் குறிப்பிட்ட கலத்தின் குணமும் அவர்களுக்கு நன்றாகப் பழகியிருக்கவில்லை. கடைசி நேரத்தில் பாதையை உயர்த்த ஐந்தாவது திருத்தம் ஒன்று செய்யலாமா என்று பேசினார்கள். அதற்கான முன்தயாரிப்பு போதாததால் அது நடக்கவில்லை.

அதாவது மாற்றுத் திட்டம் தயாராக இல்லை, சந்தேகம் உரிய இடத்துக்குப் போகவில்லை, பார்க்க வேண்டிய ஆட்கள் மூன்று வேலைக்கு நடுவே கிழிந்துகொண்டிருந்தார்கள். இந்த மூன்றில் ஒன்று சரியாக இருந்திருந்தாலும் அலகுப் பிழை பிடிபட்டிருக்கவோ கலம் தப்பியிருக்கவோ வாய்ப்பு இருந்தது.

யார், எத்தனை மணி நேரம்

ஆள்வளத் திட்டம் என்பது தலையை எண்ணுவதில்லை. எங்கள் மேஸ்திரிக்கு அன்றைக்கு 22 பேர் தேவைப்பட்டது. பத்துப் பேர் கூடுதலாக வந்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்குமா? முடிந்திருக்காது. ஒரு மிக்ஸர் ஒரு மணி நேரத்தில் கொடுக்கிற கலவைக்கு மேல் சுமக்க எதுவும் இல்லை. வேலையின் வேகத்தை எது கட்டிப்போடுகிறது என்று கண்டுபிடித்து, ஆளையோ பணத்தையோ அங்கே கூட்ட வேண்டும்.

மென்பொருள் உலகத்தில் இதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. 1960-களில் ஐபிஎம் நிறுவனத்தின் ஓஎஸ்/360 என்ற பெரிய மென்பொருள் வேலையை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், 1975-இல் தன் அனுபவத்தை எழுதும்போது சொன்னது: தாமதமாகிவிட்ட மென்பொருள் வேலையில் புது ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும். புதிதாக வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுக்கப் பழைய ஆட்களின் நேரம் போகிறது. அதோடு, பேச வேண்டிய ஜோடிகளும் பெருகுகின்றன. 5 பேர் இருந்தால் 10 ஜோடி. 10 பேர் ஆனால் 45 ஜோடி. ஆட்கள் இரட்டிப்பானார்கள், பேச்சு நாலரை மடங்கானது. தகவல் திட்டத்தைத் தொடாமல் ஆளை மட்டும் கூட்டினால் இப்படித்தான் ஆகும்.

கணக்குப் போடும்போது இன்னும் சில விஷயங்கள். எட்டு மணி நேர வேலை நாளில் எட்டு மணி நேரமும் உங்கள் புராஜெக்டுக்குக் கிடைக்காது. கூட்டம், போன், வேறு வேலை போக ஐந்தாறு மணி நேரம் என்று போட்டால் ஏமாற மாட்டீர்கள். ஒருவர் இரண்டு புராஜெக்டில் பாதிப் பாதி என்றால் இரண்டிலும் பாதி கிடைக்காது, இதிலிருந்து அதற்கு மாறும்போதெல்லாம் கொஞ்சம் சிந்தும். தீபாவளி, பொங்கல் மட்டும் பார்த்தால் போதாது. வைகாசி, ஆவணி முகூர்த்த நாட்களையும் காலண்டரில் பாருங்கள். அன்றைக்குப் பாதிக் குழு ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில் இருக்கும். அது அவர்களுடைய வாழ்க்கை, அதற்கு இடம் விட்டுத்தான் நாம் தேதி போட வேண்டும்.

ஒரு வேலையைப் பலர் செய்யலாம், பலரைக் கேட்டுச் செய்யலாம், பலருக்குத் தெரிவிக்கலாம். ஆனால் “இது என்ன ஆயிற்று?” என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் ஒருவர்தான் இருக்க வேண்டும். அந்த இடத்தில் “டீம்” என்று எழுதினால் யாரும் இல்லை என்று அர்த்தம்.

அப்புறம், ஒரே ஒருவருக்கு மட்டும் தெரிந்த வேலை. அந்த ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் எது நிற்கும் என்று ஒவ்வொருவரைப் பற்றியும் கேட்டுப் பாருங்கள். எங்கள் தளத்தில் வைப்ரேட்டர் பிடிக்கத் தெரிந்தவர் ஒருவர். காங்கிரீட்டுக்குள் காற்று நிற்காமல் இறக்குவது அந்த மிஷின்தான். அதிக நேரம் ஒரே இடத்தில் வைத்தால் ஜல்லி அடியில் தங்கிவிடும், குறைவாக வைத்தால் தேன்கூடு மாதிரி ஓட்டை விழும். முதல் ஒரு மணி நேரம் மேஸ்திரி இன்னொரு பையனை அவர் பக்கத்தில் நிறுத்தி, “பாத்துக்கோ, மதியத்துக்கு மேல நீ பிடிக்கணும்” என்றார். ஆள்வளத் திட்டத்தின் மிக நல்ல பகுதி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இடரும் குறைகிறது, ஒரு பையன் ஒரு தொழிலையும் கற்றுக்கொள்கிறான்.

எல்லாம் ஒரே பக்கத்தில்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரிய மென்பொருளைத் தேட வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் பக்கமோ ஒரு எக்செல் தாளோ போதும். ஒவ்வொரு வரியிலும் இவை இருக்கட்டும்: என்ன நடக்கலாம், எதை வைத்துத் தெரியும், என்ன செய்வோம், யார் பொறுப்பு, அவர் யாருக்கு எப்படிச் சொல்வார். பத்து வரிக்கு மேல் போக வேண்டாம். போனால் யாரும் படிக்க மாட்டார்கள். வாரம் ஒருமுறை பத்து நிமிடம், பொறுப்பில் உள்ளவர்கள் எல்லோரும் அதைச் சுற்றி நின்று பாருங்கள். தாண்டிப்போன இடரை அடியுங்கள், புதிதாகத் தெரிந்ததை எழுதுங்கள். ஒருமுறை எழுதி மூடிவிட்ட பட்டியல் அடுத்த வாரமே பழசாகிவிடும். எங்கள் ஃபேன் பாக்ஸ் விஷயமும் அப்படித்தான். சுவர் மாறிய அன்றைக்கு யாராவது பட்டியலைத் திறந்திருந்தால் “பழைய வரைபடம் யார் கையிலாவது இருக்கலாம்” என்ற வரி விழுந்திருக்கும்.

கெட்ட செய்தியைக் கொண்டுவருகிறவரைத் திட்டாதீர்கள். ஒருமுறை திட்டிவிட்டால் அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் நல்ல செய்திகள் மட்டும்தான் ஏறும். முட்டில் அடிப்பலகை இறங்கியிருக்கிறது என்று முதலில் பார்த்துச் சொன்னது கம்பி கட்ட வந்த ஒரு சின்னப் பையன். மேஸ்திரி அவனை எல்லோர் முன்னாலும் கூப்பிட்டுத் தோளில் தட்டினார். அன்றைக்கு முழுவதும் யாராவது ஒருவர் எதையாவது பார்த்துவிட்டு வந்து சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

மழை இரண்டரை மணிக்கு வந்தது. விசில் கேட்டதும் சட்டிகள் கீழே இறங்கின. முருகனும் மற்ற மூவரும் ஏணிப்பக்கத்துத் தார்ப்பாயை விரித்தார்கள், எதிர்ப்பக்கம் இன்னும் நாலு பேர் பிடித்தார்கள். பதினைந்து நிமிடத் தூறல். விலக்கிப் பார்த்தபோது கீழே காங்கிரீட் போட்ட மாதிரியே இருந்தது. சாயங்காலம் ஐந்தே காலுக்குக் கடைசிச் சட்டி கொட்டினார்கள்.

இரவு நோட்டை எடுத்து மழை வரியை அடித்தேன், மிக்ஸர் வரியை அடித்தேன். அடிக்காமல் ஒரு வரி இருந்தது. நாங்கள் வாங்கியது கலப்பு சிமென்ட் என்பதால் 10 நாளாவது தளத்தை ஈரமாக வைத்திருக்க வேண்டும் என்று இன்ஜினியர் சொல்லியிருந்தார். காய்ந்தால் வெடிப்பு விழும். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது, காலையும் மாலையும் பார்ப்பது. பொறுப்பு: அப்பா. மோட்டார் ஓடவில்லை என்றால் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஹோஸ், அவரிடம் முன்னாலேயே கேட்டாயிற்று. அப்பாவிடம் அந்த வரியைக் காட்டி, “என்னப்பா செய்யணும், சொல்லுங்க” என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருமுறை படித்துவிட்டு, நோட்டைத் திருப்பிக் கொடுத்து, பார்க்காமல் சொல்லிக்காட்டினார்.